உப்புக் காற்றில் ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்சின் எலக்ட்ரிக்கல் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு ரோடு ஒரு தலைவலி என்றால் காற்று அதைவிடப் பெரிய தலைவலி. பள்ளத்தில் அடி வாங்கினால் உடனே தெரிந்துவிடும். காற்றில் இருக்கும் உப்பு அப்படியில்லை. வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் நுழைந்து, அதன் உலோகப் பின்னில் களிம்பு பிடித்து, ஏதோ ஒரு மழை நாளில் டேஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்காக எரியும்போதுதான் தெரியும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடு இருந்தால் இன்னும் சீக்கிரம். போதாக்குறைக்கு நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் ஏறும் ஈரம் டிசம்பர் வரை இறங்குவதில்லை.

அதனால் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, 'இந்தக் கோடு (ஸ்கேனர் காட்டும் பழுது எண்) வந்தால் இந்தச் சென்சாரை மாற்று' என்று கிளம்புவது இங்கே பணத்துக்குக் கேடு. நம் ஊர் வண்டிகளில் சென்சார் செத்துப் போவதைவிட, அதற்குக் கரண்ட் போகும் வழியும் திரும்பும் வழியும் கெட்டுப்போவதுதான் அதிகம். ஆகவே இங்கே சொல்லப்போகும் வரிசை இது: பேட்டரி, எர்த் (கரண்ட் திரும்பும் வழி), சப்ளை (கரண்ட் போகும் வழி), சிக்னல், எல்லாம் முடிந்த பிறகுதான் பாகம். அவசரத்தில் இந்த வரிசையைத் தாண்டாதீர்கள்.

ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர், போலோ ஜிடிஐ மாதிரி, சிலிண்டருக்கு ஒரு காயில் (பிளக்கில் தீப்பொறி வர உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள்) இருக்கிற பெட்ரோல் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கார்புரேட்டர் காலத்து வண்டிக்குப் பேட்டரி, எர்த் பகுதிகள் மட்டும் பொருந்தும்.

கை வைப்பதற்கு முன்

வாட்ச், மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு மோதிரம் மாட்டிக்கொண்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், விரலோடு. காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது 30,000 வோல்ட்டுக்கும் மேல். எஞ்சின் ஓடும்போது காயிலைக் கையால் உருவிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். அது உங்களுக்கும் ஆபத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்கும் ஆபத்து. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை) எஞ்சினில் இன்ஜெக்டர் வயரிலேயே 65 வோல்ட் வரை வரும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக் உடையவை, அவற்றைத் தொடவே தொடாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்டிருக்காவிட்டாலும் சுற்றத் தொடங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு தாளை எடுத்துப் பழுது எப்போது வருகிறது என்று எழுதுங்கள். இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் என்றால் ஈரம் அல்லது பேட்டரி. மார்த்தாண்டம் டிராஃபிக்கில் நன்றாகச் சூடாகி நின்றுபோய், அரை மணி நேரம் ஆறினால் ஓடுகிறது என்றால் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்வது), ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), காயில் என்ற மூன்றில் ஒன்று. கீரிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது (ஏதோ ஒரு சிலிண்டரில் தீ பிடிக்காமல் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது), சமதளத்தில் இல்லை என்றால் காயிலோ பிளக்கோதான். வண்டியைக் கழுவிய மறுநாள் வந்தால் காயில் குழிக்குள் தண்ணீர். பள்ளத்தில் குலுங்கும்போது வந்தால் லூஸ் கான்டாக்ட்.

என்னென்ன கருவி வேண்டும்

மினிமம், மேக்ஸிமம் பதிவு செய்யும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. ஓபிடி ஸ்கேனர் ஒன்று, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் கோடுகளைப் படிக்கும் கருவி. மொபைலில் இணைகிற மலிவான இஎல்எம்327 அடாப்டர் பொதுவான கோடுகளைப் படிக்கப் போதும், ஆனால் வண்டிக் கம்பெனியின் தனிக் கோடுகளுக்கு அந்தப் பிராண்டுக்கென வரும் மென்பொருள் வேண்டும். கான்டாக்ட் கிளீனர், உப்புத்தாள், மெல்லிய குண்டூசிகள், உங்கள் மாடலுக்கான வயரிங் வரைபடம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர், இரண்டு கிளிப் வைத்துச் செய்த டெஸ்டர். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் வரை இழுக்கும். வடசேரிப் பக்கம் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இதைக் கையில் கொடுத்தபடி சொல்வார்: "மக்கா, மீட்டரு பொய் சொல்லும்லே, பல்பு சொல்லாது."

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. முப்பது இழை உள்ள வயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் களிம்பேறித் தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஓம் ரேஞ்சில் வைத்தாலும் 'சரி' என்றே சொல்லும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. அடைத்துக்கொண்ட குழாயில் டேப்பை மூடி வைத்துப் பிரஷர் பார்த்தால் முழுப் பிரஷர் தெரியும், திறந்தால்தான் சொட்டுவது தெரியும் இல்லையா, அதேதான். பல்பைப் போட்டால் அந்த ஒற்றை இழை தாங்காது, வெளிச்சம் மங்கும். கரண்ட் ஓடும்போது அளப்பதுதான் அளவு.

ஒரே எச்சரிக்கை: இந்தப் பல்பைப் பேட்டரி சப்ளை வயரிலும் எர்த்திலும் மட்டும் போடுங்கள். இசியுவிலிருந்து வரும் சிக்னல் வயரிலோ 5 வோல்ட் வயரிலோ போட்டால் இசியு போய்விடும்.

இன்னொன்று. வயரின் உறையைக் குத்தி அளக்காதீர்கள். குண்டூசியைக் கப்ளரின் பின்பக்கம், ரப்பர் சீலை ஒட்டிச் செருகி அளப்பதுதான் முறை. நம் ஊரில் உறையில் விழுந்த ஊசித் துளை, அடுத்த மழைக்காலத்தில் உப்பு உள்ளே போகும் வாசல்.

படி 1: பேட்டரி

வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் அளப்பது நல்லது. முடியாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் போட்டு அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 வந்தால் மேற்கொண்டு எந்த டெஸ்ட்டும் வேண்டாம், முதலில் சார்ஜ் போடுங்கள். வோல்ட்டேஜ் குறைந்த வண்டியில் இசியு கண்டபடி கோடுகளைப் போடும். பி0562 என்ற கோடு, அதாவது சிஸ்டம் வோல்ட்டேஜ் குறைவு, பட்டியலில் இருந்தால் மற்றவற்றை நம்பாமல் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 9.6க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அதிகமாக இழுக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். புதிய வண்டிகளில் இசியுவே ஆல்டர்நேட்டரைக் கட்டுப்படுத்துவதால் இந்த எண் ஏறி இறங்கும். ஒரு நிமிஷம் குறைவாகக் காட்டியதும் ஆல்டர்நேட்டரைக் கழற்றாதீர்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 0.1க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஆல்டர்நேட்டருக்குள் டயோடு போயிருக்கலாம். அந்த அலை சென்சார் சிக்னலோடு கலந்து, புரியாத மிஸ்ஸிங்கையெல்லாம் கொண்டுவரும்.

நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம் ஒன்று. வண்டிக்காரர் வளைகுடாவில், வண்டி வீட்டுக் கொட்டகையில். மச்சானோ தம்பியோ வாரம் ஒருமுறை வந்து ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டுப் போவார். நல்ல எண்ணம்தான், ஆனால் செல்ஃப் எடுத்ததை அந்த ஐந்து நிமிஷத்தில் ஆல்டர்நேட்டர் முழுதாகத் திருப்பிக் கொடுப்பது சந்தேகம். வாரா வாரம் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சைலன்சருக்குள் தண்ணீரும் தேங்கும். அதற்குப் பதில் மெல்லச் சார்ஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு பேட்டரி மெயின்டெய்னரை மாட்டி விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

பேட்டரியை மாற்றும்போதும் கவனம். இசட்4 போன்ற பிஎம்டபிள்யூக்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும், பிற்கால மாடல்களில் நெகட்டிவ் கிளாம்பில் ஒரு சென்சாரும் உண்டு. அது இருந்தால், புதுப் பேட்டரி வைத்ததை ஸ்கேனர் மூலம் வண்டிக்குப் பதிவு செய்ய வேண்டும். ஏஜிஎம் பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) இருந்த இடத்தில் சாதாரணப் பேட்டரியை வைத்தால் சார்ஜிங் கணக்கே தப்பும்.

படி 2: எர்த்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்றோ இரண்டோ இருக்கும். செல்ஃபின் நூற்றுக்கணக்கான ஆம்பியரும், காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றின் கரண்டும் பேட்டரிக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான்.

முதலில் ஃபியூயல் பம்ப் பியூஸையோ ரிலேயையோ கழற்றுங்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும், கறுப்பைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், முனையிலேயே. கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில்தான் பல நேரம் கோளாறு. ஒருவரை உட்கார வைத்து ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 வந்தால் எர்த் கெட்டிருக்கிறது, வேறெங்கும் போகத் தேவையில்லை.

அதே சோதனையை எஞ்சின் ஐடிலில் ஓட, ஹெட்லைட், ஏசி புளோவர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டும் செய்யுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பாசிட்டிவ் பக்கம் பேட்டரி முனையிலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை, செல்ஃப் அடிக்கும்போது 0.5க்குள் இருக்க வேண்டும். 987 வகை பாக்ஸ்டர், கேமன்களில் ஆல்டர்நேட்டரையும் செல்ஃபையும் இணைக்கும் தடித்த கேபிள் உள்ளுக்குள் அரித்துப்போவது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. எஞ்சின் சூடானதும் செல்ஃப் நொண்டும். பேட்டரியையும் செல்ஃபையும் மாற்றிப் பார்த்துத் தோற்றவர்களுக்கெல்லாம் இந்த அளவு ஒன்றே விடை சொல்லியிருக்கும்.

வெளியே பார்த்து எர்த் பட்டையை எடைபோடாதீர்கள். பட்டையின் முனையில் போல்ட் நுழையும் வளையமான லக் பளபளப்பாக இருக்கும், போல்ட் இறுக்கமாக இருக்கும். பட்டையை லக்கை ஒட்டிக் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள். உள்ளிருந்து பச்சைப் பொடி உதிரும், இழைகள் கறுத்து நூல் மாதிரி கையோடு வரும். அந்த இடத்தைத் தேய்த்துப் பிரயோசனமில்லை, பட்டையையே மாற்ற வேண்டும். பட்டை நல்லதாக இருந்து, உட்காரும் இடம் மட்டும் துரு என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, போல்ட்டை எடுத்து, பாடியிலும் லக்கிலும் உலோகம் மின்னும் வரை உப்புத்தாள் போடுங்கள். பல் வாஷர் வைத்து இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். இறுக்குவதற்கு முன்னால் பூசுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, உலோகம் உலோகத்தில் படட்டும்.

படி 3: ஸ்கேனர் சொல்வதைப் படிப்பது

இப்போதுதான் ஸ்கேனர். இருக்கிற கோடுகளையெல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேமோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு அழியுங்கள், வண்டியை ஓட்டுங்கள், மறுபடி படியுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான பழுது. ஃப்ரீஸ் ஃபிரேம் என்பது கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம், வெப்பம், வேகம் எவ்வளவு என்ற பதிவு. முதலில் எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோடுகளில் இரண்டு ஜாதி. பி0301 என்பது 'முதல் சிலிண்டரில் தீ பிடிக்கவில்லை' என்ற செய்தி. காரணம் காயில், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவாகவும் இருக்கலாம். பி0351 என்பது 'முதல் காயிலின் சர்க்யூட்டில் கோளாறு', பி0201 என்பது 'முதல் இன்ஜெக்டர் சர்க்யூட்டில் கோளாறு'. இவை வயரையும் பாகத்தையும் நேராகக் கை காட்டும். இரண்டு ஜாதியும் சேர்ந்து வந்தால் சர்க்யூட் கோடைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பி0300 தனியாக வந்து எல்லாச் சிலிண்டரும் மாறி மாறி மிஸ் ஆனால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள்: சப்ளை, எர்த், பெட்ரோல் பிரஷர். தொடர்பே இல்லாத மூன்று சென்சார் ஒரே நாளில் பழுது என்று ஸ்கேனர் சொன்னால் மூன்றும் சாகவில்லை. மூன்றுக்கும் ஒரே 5 வோல்ட் வயர் அல்லது ஒரே எர்த்.

படி 4: மிஸ்ஸிங்

காயில் பழுதைக் கண்டுபிடிக்க இடம் மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. பி0301 வந்தால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, முதல் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை முதலிலும் போடுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாமல் முதலிலேயே நின்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் போடுங்கள். அதற்கும் மாறாவிட்டால் வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். 1.8 டர்போ எஞ்சின் வந்த பழைய ஆடி டிடி போன்றவற்றில் காயில் பழுது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், 2003 வாக்கில் ஃபோக்ஸ்வேகன் குழுமமே அமெரிக்காவில் முன்வந்து மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலத்து எஞ்சின் வைத்திருப்பவர் டிக்கியில் ஒரு ஸ்பேர் காயில் வைத்துக்கொள்வது வீண் செலவில்லை.

டர்போ வண்டி ஏற்றத்தில் மட்டும் மிஸ் ஆவதற்கும் காரணம் உண்டு. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். தளர்ந்த காயிலால் அது முடியாது, அல்லது தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் காயிலின் ரப்பர் உறையைத் துளைத்துக்கொண்டு பக்கச் சுவருக்குத் தாவும். காயிலைக் கழற்றி, அந்த உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிய கறுப்புத் தடமோ, ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளியோ இருந்தால் தாவியிருக்கிறது. அந்தத் தடம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய தடம் புதியதையும் கெடுக்கும். பிளக் இடைவெளி மேனுவலில் உள்ளபடி இருக்கட்டும். பூஸ்ட் ஏற்றி ரீமேப் செய்த (இசியு மென்பொருளை மாற்றிய) வண்டியில் அந்த இடைவெளியை இன்னும் குறைப்பது வழக்கம்.

காயில் நல்லது, பிளக் நல்லது, இன்னும் மிஸ் என்றால் கப்ளரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்து, சப்ளை பின்னுக்கும் அந்தக் கப்ளரின் எர்த் பின்னுக்கும் நடுவே பல்பைப் போடுங்கள். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் காயிலுக்கு நான்கு வயர்: சப்ளை ஒன்று, எர்த் இரண்டு, சிக்னல் ஒன்று. எது எது என்று வரைபடத்தைப் பார்த்தே தொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே அளந்தால் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. மங்கலாக எரிந்தால் சப்ளையா எர்த்தா என்று பிரித்துப் பாருங்கள்: பல்பின் ஒரு முனையை நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோனதும் பளிச்சென்று எரிந்தால், நீங்கள் விட்டுவந்த பக்கம்தான் கெட்டது.

இன்ஜெக்டரை ஓம் ரேஞ்சில் அளக்கலாம். இன்டேக் குழாயில் உட்காரும் வகை பெரும்பாலும் 12 முதல் 16 ஓம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் சோலனாய்டு வகை 1, 2 ஓம் அளவுதான். எண்ணைவிட, நான்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: ஸ்டார்ட்டே ஆகவில்லை

செல்ஃப் சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் பேட்டரி, எர்த், செல்ஃப் ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் நிலை சுவிட்ச், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) என்று பாருங்கள். டேஷில் சாவி படம் மினுக்கினால் இம்மொபிலைசர் பக்கம் போங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். இருநூறு சொச்சம் காட்டினால் கிராங்க் சென்சார் வேலை செய்கிறது. சைபர் என்றால் சென்சாரோ வயரோ. கோடு பட்டியலில் பி0335 இருந்தால் சந்தேகம் உறுதி. சூடானால் நின்று, ஆறினால் ஓடும் வண்டியில், நின்ற உடனேயே இந்த டெஸ்ட்டைச் செய்ய வேண்டும். ஆறிய பிறகு செய்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். இரண்டு வயர் உள்ள காந்த வகைச் சென்சாருக்குச் சில நூறு ஓம் முதல் ஆயிரம் சொச்சம் வரை இருக்கும், சூட்டில் அது முடிவிலி ஆனால் உள்ளே சுருள் விட்டுப்போகிறது. மூன்று வயர் ஹால் வகைக்கு ஓம் டெஸ்ட் கூடாது, சப்ளை, எர்த், சிக்னல்தான் பார்க்க வேண்டும்.

ரிலே பற்றிக் கொஞ்சம். அடியில் 30, 85, 86, 87 என்று எழுதியிருக்கும். 85, 86 சுருள். 30, 87 கான்டாக்ட். 'டிக்' என்று சத்தம் வந்தால் ரிலே நல்லது என்று நினைப்பது தவறு, சத்தம் சுருளின் வேலை. கான்டாக்ட் கருகியிருந்தால் சத்தமும் வரும், கரண்டும் போகாது. லோடு ஓடும்போது 30க்கும் 87க்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மாற்றுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால், அதே எண் அச்சடித்த ஹார்ன் ரிலேயை எடுத்து மெயின் ரிலே இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

படி 6: 5 வோல்ட், கேன் லைன்

சென்சார்கள் பலவற்றுக்கு இசியு 5 வோல்ட் கொடுக்கிறது. அந்த வயர் எங்காவது எர்த்தோடு உரசினால் ஒரே நேரத்தில் பல சென்சார் போன மாதிரி தெரியும். பி0641 போன்ற கோடு வரும். ஒரு சென்சாரின் கப்ளரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்து அளந்தால் 5க்கு அருகில் இருக்க வேண்டும். சைபரோ ஒன்றோ என்றால் மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த லைனில் உள்ள மற்றச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்பி வருகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் வயர் எங்கோ நசுங்கியிருக்கிறது. சென்சார் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.05 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

'யு' என்று தொடங்கும் கோடுகள், உதாரணமாக யு0100, கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்கின்றன. அவை பேசிக்கொள்ளும் இரட்டை வயர்தான் கேன் லைன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டில் 6, 14 எண் பின்களுக்கு நடுவே ஓம் அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. சைபருக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒட்டியிருக்கிறது. சாக்கெட்டுக்கும் கேன் லைனுக்கும் நடுவில் கேட்வே என்ற இடைக் கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கணக்கு சாக்கெட்டில் பொருந்தாது, எஞ்சின் பக்கக் கேன் லைனிலேயே அளக்க வேண்டும்.

எலி

ரப்பர் தோட்டம், தென்னந்தோப்பு நடுவே வீடு என்றால் இதை முதல் படிக்கும் முன்னால் பாருங்கள். எஞ்சின் மேல் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பாதி தின்ற மரச்சீனித் துண்டும், தேங்காய் நாரும், கறுப்பு எச்சமும் கிடக்கும். சூடு ஆறாத எஞ்சின் மேல் மழை இரவில் எலிக்கு அதைவிடச் சொகுசு கிடையாது. அது கடிப்பது எதிரே தெரியும் வயராக இருக்காது. இன்டேக்குக்கு அடியில், கையே போகாத இடத்தில் இன்ஜெக்டர் வயரை அரைத்து வைத்திருக்கும். மொபைல் கேமராவை வீடியோவில் போட்டு உள்ளே நுழைத்துப் பாருங்கள். எலியின் சிறுநீரும் கப்ளரை அரிக்கும், அதனால் கடித்த தடயம் இல்லாவிட்டாலும் கழற்றித் துடையுங்கள்.

படி 7: வயரைச் சரிசெய்யும் முறை

ஆட்டிப் பார்க்கும் டெஸ்ட்டோடு தொடங்குங்கள்: எஞ்சின் ஐடிலில் ஓட, ஸ்கேனரில் அந்தச் சென்சாரின் அளவைத் திறந்து வைத்து, வயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல ஆட்டிக்கொண்டே வாருங்கள். எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே உறையைப் பிரியுங்கள்.

வெட்டிய செம்பு கறுப்பாக இருந்தால் நிறுத்தாதீர்கள். உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போயிருக்கும். பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் போட்ட இணைப்பு அடுத்த ஜூனைத் தாண்டாது. அதே தடிமன் வயரை நடுவில் சேருங்கள். படகுகளில் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதுதான் நம் காற்றுக்கு உத்தமம். இணைப்பை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். இரு முனையிலும் பசை பிதுங்கி வருவது தெரிய வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் சரிதான், ஆனால் எஞ்சின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் வயர் ஒடியும், அதனால் அதை ஆடாத மாதிரி கட்ட வேண்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றிவிட்டுப் போகும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள், எஞ்சின் சூட்டில் பசை உருகி ஒரு மாதத்தில் அவிழ்ந்துவிடும்.

பல வயர்களை இணைக்கும்போது எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாகப் போடுங்கள். கேன் வயர் முறுக்கி வந்தால் திரும்பவும் அதே மாதிரி முறுக்குங்கள். கப்ளர் பின்னில் களிம்பு லேசாக இருந்தால் கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பின் மெலிந்து போயிருந்தால் பின்னையே மாற்றுங்கள். ரப்பர் சீலில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மூடுங்கள். சீல் கிழிந்திருந்தால் மற்றதெல்லாம் வீண்.

நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குகிறது

சாவியை எடுத்து, கதவு லாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பொறுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் தூங்க வேண்டும். பிறகு நெகட்டிவ் லைனில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதிகம் என்றால் பியூஸைப் பிடுங்காதீர்கள், பிடுங்கிப் போட்டால் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லி வோல்ட் அளந்தால் எதில் கரண்ட் ஓடுகிறது என்று தெரியும்.

எப்போது வெளியே கொடுக்க வேண்டும்

சப்ளை சரி, எர்த் சரி, வயர் சரி, பாகமும் சரி, ஆனாலும் இசியுவிலிருந்து சிக்னல் வரவில்லை என்றால் இசியு பக்கம் சந்தேகம் திரும்பும். இசியுவை வீட்டில் திறக்காதீர்கள். இம்மொபிலைசர், சாவி கோடிங், இசியு மாற்றம் எல்லாம் பிராண்டு மென்பொருள் உள்ளவர் வேலை. திருவனந்தபுரமோ கொச்சியோ கொண்டுபோக வேண்டிவரும். முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி வேண்டாம், தாழ்ந்த பம்பர் உடையும், பிளாட்பெட் கேளுங்கள். கொடுக்கும்போது நீங்கள் அளந்த எண்களையெல்லாம், எந்தப் பின், எந்த நிலை, எத்தனை வோல்ட் என்று ஒரே தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். அதே டெஸ்ட்டுகளை மறுபடி செய்து மணிக்கணக்கில் கூலி போடுவது குறையும்.